சிட்டை எத்தனை, பேரேடு எத்தனை? மெய்நிகர் கணினிகளுக்கான ஃபிளாஷ் கேஷ் பற்றி ஓர் எளிய விளக்கம்

"ரெக்கை கட்டிப் பறக்கும்னு சொல்லித்தான தம்பி எஸ்எஸ்டி போட்டாய்ங்க. சாயங்காலம் ஆனா பில்லு இன்னும் நின்னு நின்னுதான வருது?"

கீழமாசி வீதியில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நகருக்குள்ளும் வெளியிலுமாக அவருக்கு நான்கு கிளைகள். பில், சரக்கிருப்பு, கணக்கு, கேமரா பதிவு எல்லாமே ஒரு சிறிய அறையில் உள்ள மூன்று சர்வர்களில் ஓடுகின்றன. அவற்றை அமைத்துக் கொடுத்தவர்கள் ஒவ்வொன்றிலும் ஓர் எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) சொருகி, "ஃபிளாஷ் கேஷ் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எந்த இடத்தில், எந்த முறையில் போட்டார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மதுரையிலும் சுற்றுப்பக்கத்திலும் சிறிய நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்தக் குழப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எதிர்பார்த்த வேகம் வராவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தப்பான இடத்தில் போட்ட கேஷ், மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நாம் நம்பியிருக்கும் கணக்கை ஓசையில்லாமல் ஒரே இடத்துக்குக் குறைத்துவிடும். அது எப்படி நடக்கிறது என்பதைக் கணினித் துறையில் இல்லாதவருக்கும் புரியும்படி சொல்லவே இதை எழுதுகிறேன்.

## கடை அலமாரியும் கிடங்கும்

முதலில் அந்தச் சொல். 'கேஷ்' என்றதும் நம் காதில் கல்லாப்பெட்டிப் பணம்தான் விழும். இது வேறு சொல். ஒளித்து வைப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. 1960-களின் இறுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் மாடல் 85 என்ற பெரிய கணினியோடு இது கணினித் துறையில் புழக்கத்துக்கு வந்தது. கேஷ் என்றால், அடிக்கடி தேவைப்படும் தரவின் நகலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் வேகமான இடம். அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு, சீரகம், மிளகாய் வற்றல் எல்லாம் முகப்பிலேயே இருக்கும். கேட்டவுடன் கை நீட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். யாராவது சாமை அரிசி கேட்டால் பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்குவாசல் கிடங்குக்குப் போய்வர வேண்டும். கேட்டது கைக்கெட்டும் இடத்திலேயே கிடைத்தால் அதை 'ஹிட்' என்பார்கள். கிடங்குக்குப் போக நேர்ந்தால் 'மிஸ்'.

அலமாரியில் எல்லாவற்றையும் வைக்க முடியாது. ரொம்ப நாளாக யாரும் கேட்காததை உள்ளே தள்ளிவிட்டு, இப்போது கேட்பதை முன்னால் வைக்க வேண்டும். தை பிறக்கும் முன் வெல்லமும் பச்சரிசியும் முகப்புக்கு வந்துவிடுகின்றன அல்லவா, அதுபோல. கேஷ் மென்பொருளும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் இங்கேயே மனதில் வையுங்கள். அலமாரிக்கு வந்த பருப்பு கிடங்கில் குறைந்துவிடும். கணினியில் அப்படியில்லை. கேஷுக்கு வருவது நகல்தான், மூலம் கிடங்கிலேயே இருக்கும். ஆகவே கேஷ் எரிந்து போனாலும் நஷ்டமில்லை. வாசிப்பைப் பொறுத்தவரை இது முழு உண்மை. எழுதும்போது இந்த நிம்மதி உடையும் இடம் ஒன்று வரும்.

'ஃபிளாஷ்' என்பது சுழலும் பாகம் எதுவும் இல்லாத, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம். போனிலும் பென் டிரைவிலும் எஸ்எஸ்டியிலும் இருப்பது இதுதான். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது.

## தட்டு சுற்றி வரும் நேரம்

ஹார்டு டிஸ்க் ஏன் மெதுவானது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

பரவலாகக் கிடைக்கும் ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. விநாடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. (விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி விநாடி.) வேண்டிய தரவு, படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். அதற்கு முன் அந்தத் தலை சரியான வளையத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஏறத்தாழ 8. ஆக ஒருமுறை போய் எடுத்து வர 12 மில்லி விநாடி. இப்படி ஒவ்வொன்றாகத் தாவினால் விநாடிக்கு ஏறத்தாழ 80 முறைதான் அந்தத் தலையால் ஓட முடியும். அது இரும்பும் மோட்டாரும் சேர்ந்த இயந்திரம். எந்த மென்பொருளாலும் அதை விரட்ட முடியாது.

எஸ்எஸ்டியில் அதே சிறு வாசிப்பு ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் முடிகிறது. நூறு மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம்.

ஆனால் ஹார்டு டிஸ்க்கைக் கேவலமாக நினைத்துவிட வேண்டாம். ஒரே வளையத்தில் வரிசையாக இருப்பதைத் தொடர்ந்து படிக்கச் சொன்னால் விநாடிக்கு 150 எம்பிக்கு மேல் கொட்டிக் கொடுக்கும். அங்கும் இங்கும் தாவச் சொல்லும்போதுதான் அது திணறுகிறது. துரதிர்ஷ்டவசமாக, நாம் அதைத் தாவ மட்டுமே விடுகிறோம். காரணம் அடுத்தது.

## ஒரு கணக்கர், இருபது வாடிக்கையாளர்கள்

மெய்நிகர் கணினி என்பது ஒரு நிஜமான சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணினி. விஎம் என்று சொல்வது வழக்கம். அதற்கென்று தனி விண்டோஸோ லினக்ஸோ இருக்கும், தனி டிஸ்க் இருப்பதாகவே அது நம்பிக்கொண்டிருக்கும். அந்த விஎம்களைத் தாங்கும் நிஜச் சர்வருக்கு ஹோஸ்ட் என்று பெயர்.

இப்போது ஒரு கணக்கர் முன்னால் இருபது பேர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தன் கணக்கை ஒழுங்காக, பக்கம் பக்கமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் முறை வைத்துக் கேட்கிறார்கள். முதலாமவருக்கு 40-ஆம் பக்கம், அடுத்தவருக்கு 310-ஆம் பக்கம், மூன்றாமவருக்கு 95, மறுபடி முதலாமவருக்கு 41. தனித்தனியே பார்த்தால் யாரும் தாவவில்லை. கணக்கரின் விரல்தான் தாவித் தாவி ஓய்ந்துவிடுகிறது.

விஎம்கள் சேர்ந்தால் டிஸ்க்குக்கு நேர்வது இதுவே. "தனிக் கணினியில இருந்தப்ப நல்லாத்தான் ஓடுச்சு, விஎம் ஆக்கினதும் படுத்துருச்சு" என்று குறைப்படுபவர்கள் பொய் சொல்லவில்லை.

## பேரேட்டை மூன்று படி எழுதுவது

அடுத்தது பரவல் சேமிப்பு. ஒரே பெட்டியில் எல்லாத் தரவையும் வைக்காமல், நெட்வொர்க்கால் இணைந்த பல சர்வர்களில் பிரித்தும் நகலெடுத்தும் வைக்கும் முறை அது. இந்த வகையில் பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருள் செஃப். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வெய்ல் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது, 2006-ல் அதன் ஆய்வுத்தாள் வெளியானது. அண்ணாச்சியின் மூன்று சர்வர்களிலும் இருப்பது இதுதான்.

செஃப் ஒரு விஎம்மின் டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமாக மூன்று பிரதிகளை வெவ்வேறு சர்வர்களில் வைக்கிறது. பேரேட்டை மூன்று படி எழுதி, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் ஒன்றை ஆடிட்டர் அலுவலகத்திலும் வைப்பதற்குச் சமம். ஓரிடம் தீப்பிடித்தாலும் கணக்கு அழியாது.

அதற்கு ஒரு விலை உண்டு. விஎம் எதையாவது எழுதச் சொன்னால், முதல் பிரதி இருக்கும் சர்வர் அதை வாங்கி, மற்ற இரண்டுக்கும் அனுப்பி, மூன்றிலும் நிரந்தரமாகப் பதிந்த பிறகுதான் "எழுதியாச்சு" என்று பதில் சொல்லும். மூன்றில் எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்த வேகம்.

அண்ணாச்சியின் அறைக்குக் கணக்குப் போடுவோம். மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் நான்கு ஹார்டு டிஸ்க். மொத்தம் 12 டிஸ்க், தலைக்கு 80 என்றால் விநாடிக்கு 960 தாவல்கள். ஒவ்வொரு எழுத்தும் (ஒருமுறை எழுதும் வேலையைத்தான் எழுத்து என்கிறேன்) மூன்று முறை எழுதப்படுவதால் உண்மையில் கிடைப்பது 320 எழுத்துகள். இருபது விஎம்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு விநாடிக்கு 16. ஒரு பில் போட்டாலே தரவுத்தளம் (கணக்கையெல்லாம் ஒழுங்காக வைத்திருக்கும் மென்பொருள்) பல இடங்களில் எழுதும். சாயங்காலம் நான்கு கிளைகளிலும் கூட்டம் சேரும்போது பில் நிற்காமல் என்ன செய்யும்?

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். ஹார்டு டிஸ்க்குக்குத் தாவுவது கடினம். விஎம்கள் பெருகினால் எல்லா வேலையும் தாவலாகிவிடுகிறது. மூன்று பிரதி வைத்தால் எழுதும் வேலை மூன்று மடங்காகிறது. தாவல்களை ஃபிளாஷ் வாங்கிக்கொண்டு, டிஸ்க்கை நிதானமாக வேலை செய்ய விடுவதே ஃபிளாஷ் கேஷின் நோக்கம். கொள்ளளவு முழுவதையும் ஃபிளாஷாகவே வாங்கிவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம். பணம் அனுமதிக்காத இடங்களில்தான் கேஷ்.

## வாசிப்பில் கேஷ்: பெரிய அலமாரியா, வேகமான அலமாரியா?

ஹிட் என்றால் 0.1 மில்லி விநாடி, மிஸ் என்றால் 12 என்று வைத்துக்கொள்வோம். நூறு வாசிப்பில் ஐம்பது ஹிட் ஆனால் சராசரி 6 மில்லி விநாடி. தொண்ணூறு ஹிட் ஆனால் 1.29. தொண்ணூற்றொன்பது ஆனால் 0.22.

தொண்ணூறு என்பதே அருமையான மதிப்பெண் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த மீதிப் பத்து மிஸ்களில்தான் நேரம் முழுவதும் கரைகிறது. தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்குப் போனால் வேகம் கிட்டத்தட்ட ஆறு மடங்காகிறது.

இப்போது வேறு மாதிரி செய்து பார்ப்போம். அதே தொண்ணூறு ஹிட்டில், இருமடங்கு வேகமுள்ள விலை உயர்ந்த எஸ்எஸ்டியை வாங்கிப் போடுகிறோம். ஹிட் நேரம் 0.05 ஆகிறது. சராசரி 1.29-லிருந்து 1.25-க்கு இறங்குகிறது. கொடுத்த பணத்துக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை!

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் வேக எண்களைப் பார்த்து எஸ்எஸ்டி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வாசிப்புக்குக் கேஷ் போடும்போது முதல் கேள்வி, அன்றாடம் தொடும் தரவு அதற்குள் அடங்குமா என்பதே. அந்தத் தரவின் மொத்த அளவை 'வொர்க்கிங் செட்' என்பார்கள். 4 டிபி (4,000 ஜிபி) வைத்திருக்கும் நிறுவனம் ஒரு நாளில் தொடுவது 200 ஜிபியாகவே இருக்கலாம். 200 ஜிபி அடங்கினால் போதும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு விஎம்முக்கும் சொந்தமாக ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் மிக வேகமான தற்காலிக நினைவகம்) இருக்கிறது. அடிக்கடி படிப்பதை அந்த ரேமே முதலில் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதைத் தாண்டி ஃபிளாஷ் கேஷுக்கு வந்து சேர்வது ரேமில் கிடைக்காத மிச்சம்தான். ரேம் தாராளமாக உள்ள விஎம்முக்கு வாசிப்பு கேஷ் பெரிதாக உதவாமல் போவதற்குக் காரணம் இது.

இரவு பேக்கப் ஓடும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். பேக்கப் மென்பொருள் எல்லாத் தரவையும் தலை முதல் கால் வரை படிக்கும். படித்ததையெல்லாம் கேஷ் பிடித்து வைத்தால், பகல் முழுக்கச் சேர்த்த நல்ல சரக்கு வெளியே போய், இனி யாரும் கேட்காத சரக்கு அலமாரியை அடைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டுக்கு ஐம்பது மூட்டை அரிசி கேட்டால் யாரும் அதைக் கடை முகப்பு வழியாகக் கொண்டுவர மாட்டார்கள், கிடங்கிலிருந்தே வண்டி ஏற்றிவிடுவார்கள். லினக்ஸில் உள்ள பி-கேஷ் என்ற கேஷ் மென்பொருள் இதை அழகாகச் செய்கிறது. தொடர்ச்சியாக 4 எம்பியைத் தாண்டிப் படிக்கும் எதையும், மாற்றிச் சொல்லாவிட்டால், கேஷில் சேர்க்காமல் நேரே டிஸ்க்குக்கு அனுப்பிவிடும். அதுபோன்ற வேலை டிஸ்க்குக்குத்தான் நன்றாக வருமே!

## எழுதுவதில் கேஷ்: யார், எப்போது "எழுதியாச்சு" என்றார்கள்?

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பழைய கணக்குப்பிள்ளைகளிடம் இரண்டு புத்தகங்கள் இருக்கும். சிட்டை என்பது அன்றன்று நடப்பதை நடந்த வரிசையில் விறுவிறுவென்று எழுதுவது. பேரேடு என்பது ஆள்வாரியாகப் பக்கம் திறந்து நிதானமாகப் பதிவது. சிட்டையில் எழுத அரை நிமிடம், பேரேட்டில் பக்கம் தேடிப் பதிய ஐந்து நிமிடம். நம் கதையில் ஃபிளாஷ்தான் சிட்டை, ஹார்டு டிஸ்க் பேரேடு.

வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார். கணக்குப்பிள்ளை சிட்டையிலும் எழுதி, பேரேட்டிலும் பதிந்துவிட்டு, அதன் பிறகே "வரவு வச்சாச்சு, போய்ட்டு வாங்க" என்கிறார். இதற்கு 'ரைட்-த்ரூ' என்று பெயர். பேரேட்டில் எப்போதும் பாக்கி இருக்காது. சிட்டை தொலைந்தாலும் கவலையில்லை. ஆனால் வாடிக்கையாளர் ஐந்து நிமிடம் நின்றுதான் ஆக வேண்டும், எழுதுவதில் வேகம் எதுவும் கிடைக்காது. பிறகு அதைப் படிக்கும்போது மட்டும் பயன்.

இன்னொரு முறையில் கணக்குப்பிள்ளை சிட்டையில் எழுதியவுடன் "வரவு வச்சாச்சு" என்று அனுப்பிவிடுகிறார். பேரேட்டில் பதிவதைக் கூட்டம் குறைந்த பிறகு வைத்துக்கொள்கிறார். இது 'ரைட்-பேக்'. வாடிக்கையாளருக்கு அரை நிமிடத்தில் வேலை முடிகிறது. இருபது வரவுகளை ஒன்றாகச் சேர்த்து, பக்க வரிசைப்படி பதிவதால் கணக்குப்பிள்ளைக்கும் தாவல் குறைகிறது. வேகம் கிடைப்பது இந்த முறையில்தான்.

ஆனால் பேரேட்டில் ஏறாத பாக்கி என்று ஒன்று இப்போது உண்டாகிவிட்டது. அந்தப் பாக்கி இருக்கும் நேரத்தில் சிட்டை என்பது நகல் அல்ல, அதுவே மூலம். அலமாரி எரிந்தால் நஷ்டமில்லை என்று முன்பு சொன்ன நிம்மதி இங்கே போய்விடுகிறது.

இதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. பாக்கியைப் பக்க வரிசைப்படி பதிகிறோம் என்றேன், நடந்த வரிசைப்படி அல்ல. பாதியில் சிட்டை எரிந்துவிட்டால் பேரேட்டில் இருப்பது நேற்றைய கணக்கும் இல்லை, இன்றைய கணக்கும் இல்லை. முன்பக்கங்களில் இன்று மாலை வரை, பின்பக்கங்களில் நேற்று வரை என்று எந்த நாளுக்கும் சேராத கலவை. கணினியில் இதன் பெயர் பழுதடைந்த கோப்பு முறைமை (எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற ஒழுங்கே குலைந்த நிலை). சில விநாடித் தரவு மட்டும்தானே போகும் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

கப்பலூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று பிரதி வைக்கும் சேமிப்பு, அதன் மேல் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் ரைட்-பேக் முறையில் எஸ்எஸ்டி. ஒருநாள் மின்சார ஏற்ற இறக்கத்தில் ஒரு ஹோஸ்ட் செத்துப்போனது. அதிலிருந்த விஎம்மை வேறு ஹோஸ்ட்டில் எழுப்ப முயன்றார்கள். கேஷ் இல்லாமல் இந்த டிஸ்க்கைத் திறக்க மாட்டேன் என்று மென்பொருளே மறுத்தது. பாக்கி இருப்பது அதற்குத் தெரியும். வேலை நிற்கிறதே என்ற பதற்றத்தில் யாரோ கட்டாயப்படுத்தித் திறந்துவிட்டார்கள். தரவுத்தளம் எழவே இல்லை. முந்தின இரவு பேக்கப்பை ஏற்றி, அன்றைய பில்களைக் காகித நகல்களைப் பார்த்து மறுபடி அடித்தோம். இரண்டு இரவுகள் போயின. "மூணு இடத்துல இருக்குன்னுதான சார் சொன்னீங்க?" என்று அந்தக் கணக்காளர் அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவர் கேட்டது சரிதான். மூன்று இடத்தில் இருந்தது பழைய கணக்கு. புதிய கணக்கு ஒரே ஓர் எஸ்எஸ்டியில் இருந்தது.

## மேலேயா, கீழேயா?

அண்ணாச்சியின் அறையில் இருப்பது போல, அதே மூன்று சர்வர்கள் ஹோஸ்ட்டாகவும் சேமிப்பாகவும் இருந்தால் ஒரு மயக்கம் வரும். எஸ்எஸ்டி எப்படியும் அதே பெட்டிக்குள்தானே இருக்கிறது, எங்கே போட்டால் என்ன?

பெட்டி ஒன்றுதான். ஆனால் எழுத்து போகும் பாதையில் கேஷ் எந்த இடத்தில் நிற்கிறது என்பது வேறு. மூன்று பிரதியாகப் பிரியும் இடத்துக்கு முன்னால் நின்றால் அதை மேலே என்று வைத்துக்கொள்வோம். பிரிந்த பிறகு, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் முன்னால் நின்றால் கீழே.

மேலே இருந்தால் ஒரு பெரிய நன்மை: ஹிட் ஆகும் வாசிப்பு நெட்வொர்க்கையே தொட வேண்டியதில்லை. ஆனால் அங்கே ரைட்-பேக் வைத்தால் கணக்கு மூன்றாகப் பிரியும் முன்பே "எழுதியாச்சு" என்ற வார்த்தை போய்விடுகிறது. சிட்டை ஒன்று, பேரேடு மூன்று. கப்பலூரில் நடந்தது இதுதான்.

மேலே இருக்கும் கேஷுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமலே ஒரு ஹோஸ்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். லைவ் மைக்ரேஷன் என்பார்கள். விஎம் போய்விடும், பழைய ஹோஸ்ட்டில் சேர்த்த கேஷ் கூடவே போகாது. புது இடத்தில் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். அந்த விஎம் நாளைக்கே திரும்பி வந்தால் பழைய ஹோஸ்ட்டின் எஸ்எஸ்டியில் நேற்றைய நகல் காத்திருக்கும். அதைத் தூக்கி எறியாமல் உண்மை என்று நம்பிப் படித்தால் கணக்கு குழம்பிவிடும். இதையெல்லாம் கவனித்துக்கொள்ளும் மென்பொருளாக இருந்தால் மட்டுமே மேலே வைக்கலாம். செஃப்பிலேயே 2021-ல் பசிபிக் என்ற பதிப்பில் அப்படி ஒன்று வந்தது. அது பாக்கியை நடந்த வரிசை மாறாமல் பதிகிறது. கேஷ் முழுதாக அழிந்தாலும் பேரேட்டில் சற்றுப் பழைய கணக்கு இருக்கும், ஆனால் கலவையாக இருக்காது. இது பெரிய முன்னேற்றம்.

கீழே வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் முதலில் மூன்று சர்வர்களுக்கும் பிரிகிறது. ஒவ்வொரு சர்வரும் தன் எஸ்எஸ்டியில் எழுதிவிட்டுப் பதில் சொல்கிறது. ஒரு சர்வர் எரிந்தாலும் மற்ற இரண்டின் எஸ்எஸ்டியிலும் அதே பாக்கி இருக்கிறது. ரைட்-பேக்கின் வேகமும் கிடைக்கிறது, மூன்று பிரதி என்ற வாக்கும் காப்பாற்றப்படுகிறது. நெட்வொர்க் பயணம் மட்டும் மிஞ்சும். ஆகவே நெட்வொர்க் நன்றாக இருக்க வேண்டும். விநாடிக்கு ஒரு ஜிகாபிட் போகும் கேபிளில் அதிகபட்சம் 125 எம்பிதான் போகும், ஒரு நல்ல ஹார்டு டிஸ்க்கே அதை நிரப்பிவிடும். கீழே எஸ்எஸ்டியைப் போட்டுவிட்டு நெட்வொர்க்கை அப்படியே விடுவது ஒற்றையடிப் பாதையில் லாரி ஓட்டுவது போலத்தான்.

கீழே வைப்பதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஓர் எஸ்எஸ்டி நான்கு டிஸ்க்குகளுக்குச் சிட்டையாக இருந்தால், அது செத்தால் அந்த நான்கும் ஒன்றாகப் போகும். தரவு மற்ற சர்வர்களில் இருப்பதால் அழியாது. ஆனால் நான்கு டிஸ்க் அளவை மறுபடி நிரப்பும் வரை சேமிப்பு முழுதும் மூச்சு வாங்கும்.

செஃப்பில் கேஷ் அடுக்கு என்று தனியே ஒரு வசதியும் 2014-ல் வந்தது. ஃபிளாஷ் டிஸ்க்குகளைத் தனிக் குழுவாக முன்னால் நிறுத்துவது. கொஞ்சம் தரவு கேட்டாலும் முழுத் துண்டையும் முன்னால் தூக்கி வர வேண்டியிருந்தது, ஒரு பிடி கடுகு கேட்டவருக்காக மூட்டையையே கடைக்குச் சுமந்து வருவது போல. 2023-ல் வந்த பதிப்பில் அது கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்தது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இன்று புதிதாக அதை அமைக்காதீர்கள்.

ஆக, பழைய நகலை நம்பிப் படிக்காத வரை, வாசிப்பு கேஷை எங்கே வைத்தாலும் தரவு போகாது, வேகம் மட்டுமே மாறும். எழுத்து கேஷை எங்கே வைக்கிறோம் என்பதில் தரவின் உயிரே இருக்கிறது. மூன்றாகப் பிரிந்த பிறகு வைத்தால் பத்திரம், பிரியும் முன் வைத்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

## எந்த எஸ்எஸ்டி?

வீட்டுக் கணினிக்கு வாங்கும் எஸ்எஸ்டியைச் சிட்டையாகப் போடக் கூடாது. இரண்டு காரணங்கள்.

முதலாவது தேய்மானம். ஃபிளாஷில் எழுத எழுத அதன் செல்கள் தேய்கின்றன. 1 டிபி வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு மொத்தம் 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது சாதாரணமாகக் காணக்கூடியது. வீட்டில் அது பல ஆண்டுகள் தாங்கும். கேஷாகப் போட்டு, எல்லா விஎம்களின் எழுத்தும் அதன் வழியே நாளைக்கு 2 டிபி போனால் 300 நாளில் உத்தரவாதம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது மின்தடை. எஸ்எஸ்டிக்குள்ளேயும் ஒரு சிறு தற்காலிக நினைவகம் உண்டு. மின்சாரம் போனால் அதிலிருப்பது போய்விடும். சர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டிகளில் சிறு மின்தேக்கிகள் இருக்கும். கரன்ட் போன நொடியில் அந்த மின்சாரத்தை வைத்து மிச்சத்தைப் பத்திரமாக எழுதி முடித்துவிடும். அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் அவற்றால் "எழுதியாச்சு" என்று உடனே சொல்ல முடிகிறது. வீட்டு எஸ்எஸ்டி அப்படிச் சொல்ல முடியாமல் ஒவ்வொரு முறையும் உள்ளே முழுதாக எழுதி முடிக்கக் காத்திருக்கும். தரவுத்தளம் கேட்கும் இந்த வகை எழுத்தில் அதன் விளம்பர வேகம் காணாமல் போகும். யுபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். யுபிஎஸ்ஸின் பேட்டரி எந்த நாளில் கைவிடும் என்று சொல்லிவிட்டா கைவிடுகிறது?

## அண்ணாச்சியின் அறையில்

திரும்பி வருவோம். அவர் சர்வர்களைத் திறந்து பார்த்ததில் எஸ்எஸ்டிகள் மேலே, ரைட்-த்ரூ முறையில் இருந்தன. நல்லவேளை, ஆபத்தில்லாத அமைப்பு. ஆனால் அவருடைய சிக்கல் வாசிப்பில் இல்லை. சாயங்காலக் கூட்டத்தில் நடப்பது முழுக்க எழுத்து. அது ஒவ்வொன்றும் பழையபடி ஹார்டு டிஸ்க் மூன்றில் போய்க் காத்துக்கிடந்தது. ஹிட் விகிதம் பிரமாதமாக இருந்தும் பில் நின்றது அதனால்தான்.

கேமரா பதிவு இன்னொரு பக்கம். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்காத தரவு. அதற்கும் மூன்று பிரதி எழுதிக்கொண்டிருந்தது அந்தச் சேமிப்பு. அதைத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் பெட்டிக்கு மாற்றினோம். புதிதாக ஒரு ரூபாய்க்கு எஸ்எஸ்டி வாங்கும் முன்பே பில்லின் தாமதம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. பிறகு மின்தேக்கி உள்ள எஸ்எஸ்டிகளை வாங்கி, ஒரு நேரத்தில் ஒரு சர்வராக, கீழே, டிஸ்க்குகளுக்கு முன்னால், ரைட்-பேக் முறையில் அமைத்தோம். சர்வர்களுக்கு நடுவே 10 ஜிகாபிட் நெட்வொர்க். ஒவ்வொரு சர்வரையும் முடித்து, பிரதிகள் மூன்றும் சரியாக இருக்கின்றன என்று காட்டிய பிறகே அடுத்ததைத் தொட்டோம். ஒரு வாரம் ஆனது.

சிட்டை, பேரேடு என்று நான் சொல்லச் சொல்ல அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் அப்பா காலத்துச் சிட்டை இன்னும் அந்தக் கடையில் பரணில் கிடக்கிறது.

"அப்ப முன்னாடி மூணு எடத்துலயும் பேரேட்ட எழுதி முடிக்கிற வரைக்கும் ஏவாரி நிக்கணும். இப்ப மூணு எடத்துலயும் ஆளுக்கொரு சிட்டை. மூணு பேரும் எழுதிட்டேன்னு சொன்னதும் ஏவாரி கிளம்பிறலாம். பேரேடு அப்புறம். சரிதான தம்பி?"

"அதேதான் அண்ணாச்சி."

"இதத்தான் மொதல்லயே கேட்டுருக்கணும் போல," என்றவர், பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார்.